பி.பார்ம். முடித்தாச்சு, பதிவு எண் எப்போது கையில் வரும்?

"ரிசல்ட் வந்துடுச்சு அக்கா, நாளையிலிருந்து மருந்துக் கடையில் மருந்தாளுநராக நிற்கலாமா?" என்று பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் போன மாதம் கேட்டான். இன்னும் முடியாதுப்பா என்றதும் அவன் முகம் வாடிவிட்டது. நான்கு வருடம் பி.பார்ம். என்ற மருந்தாளுநர் பட்டப்படிப்பு படித்தவனுக்கு அது வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் பட்டம் வேறு, பதிவு வேறு. 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி, டாக்டர் எழுதிய சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை பதிவு பெற்ற மருந்தாளுநருடையது. பட்டம் வாங்கியிருந்தாலும் மாநில பார்மசி கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏறும் வரை நாம் அந்த ஆள் இல்லை.

அவனுக்குச் சொன்னதையே தமிழ்நாட்டில் படித்து இங்கேயே பதிவு செய்யப்போகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

முதலில்: நீங்கள் எந்தப் படிப்பு?

பி.பார்ம். என்றால் நான்கு வருடம், எட்டு செமஸ்டர். தேறியபின் கட்டாயக் காத்திருப்பு ஏதும் இல்லை. பதிவுக்கென்று தனித் தேர்வும் இல்லை. சான்றிதழ்கள் கைக்கு வந்ததும் விண்ணப்பிக்கலாம்.

பார்ம்.டி. என்ற டாக்டர் ஆஃப் பார்மசி படிப்பு ஆறு வருடம். அதில் கடைசி வருடம் முழுக்க மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப். அது முடிந்தால்தான் படிப்பே முடிந்த கணக்கு என்பதால், அதற்குப் பிறகு பதிவு வேலை பி.பார்ம். மாதிரியேதான்.

டி.பார்ம். என்ற டிப்ளமோ படிப்பவர்கள்தான் கொஞ்சம் கவனமாகக் கணக்குப் போட வேண்டும். இரண்டு வருட வகுப்பு முடிந்ததும் 500 மணி நேர நடைமுறைப் பயிற்சி இருக்கிறது. அதை மூன்று மாதத்துக்குக் குறையாமல் செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் என்றால் 84 வேலை நாள் ஆகும். ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால் பதினான்கு வாரம். தினமும் எட்டு மணி நேரம் நின்று 63 நாளில் முடித்துவிடலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். மணி நேரம் முடிந்தாலும் மூன்று மாதம் முடியாதே! அந்த அவசரத்தால் பயன் இல்லை.

அதோடு டி.பார்ம்.காரர்களுக்கு 2022இல் வெளியேறும் தேர்வு ஒன்றும் விதிகளில் சேர்ந்திருக்கிறது. 'எக்ஸிட் எக்ஸாம்' என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். மூன்று தாள்கள், எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. ஒவ்வொரு தாளிலும் 50 சதவீதம் எடுக்க வேண்டும். மூன்றையும் ஒரே முயற்சியில் தேற வேண்டும். இரண்டில் நல்ல மார்க் எடுத்து ஒன்றில் கோட்டைவிட்டால் மறுபடி மூன்றையும் எழுத வேண்டியதுதான். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். முதல் தேர்வு 2024 அக்டோபரில் நடந்தது. உங்கள் சேர்க்கை ஆண்டுக்கு இது பொருந்துமா என்பதை இரண்டாம் வருடத்திலேயே கல்லூரியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பொருந்தும் என்றால், உங்கள் காத்திருப்பு எவ்வளவு என்பதைத் தேர்வு அறிவிப்புத் தேதிதான் முடிவு செய்யும்.

அடுத்து: கல்லூரியின் அங்கீகாரம்

சேரும் முன்பே பார்த்திருக்க வேண்டியது. பார்க்காதவர்கள் இப்போதாவது பாருங்கள். இந்திய பார்மசி கவுன்சில் தன் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பட்டியலை வைத்திருக்கிறது. நீங்கள் படித்த கல்லூரியும் படிப்பும் சட்டத்தின் 12ஆம் பிரிவின்கீழ் அங்கீகரிக்கப்பட்டிருந்தால்தான் மாநிலத்தில் பதிவு கிடைக்கும். இந்த ஒன்று இல்லாவிட்டால் மற்ற எந்தச் சான்றிதழும் உதவாது.

அப்புறம்: பெயர், பெயர், பெயர்

இதை ஏன் மூன்று முறை எழுதினேன் என்றால், என் நான்கு மாதக் காத்திருப்பில் பாதிக்கு மேல் இதில்தான் போனது. என் பெயரில் வரும் 'தி'க்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் டி, எச், ஐ என்று மூன்று ஆங்கில எழுத்து. கல்லூரியில் சேரும்போது யாரோ டி, ஐ என்று இரண்டு எழுத்தில் அடித்துவிட்டார்கள். அந்த ஒரு 'எச்' எட்டு செமஸ்டர் மார்க் ஷீட்டிலும் விடுபட்டே வந்தது. நானும் நான்கு வருடம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், உறைக்கவில்லை. விண்ணப்பம் திரும்பி வந்த அன்றுதான் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் புரொவிஷனல் என்ற தற்காலிகப் பட்டச் சான்றிதழையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தேன். கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடந்து அதைத் திருத்தி வாங்குவதற்குள் பத்து வாரம் ஓடிவிட்டது.

நம் ஊரில் இனிஷியல் இன்னொரு தலைவலி. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து நிற்கும். கல்யாணமான பெண்களுக்கு ஆதாரில் கணவர் பெயர் வேறு சேர்ந்திருக்கும். ஆகவே கடைசி செமஸ்டர் தொடங்கும்போதே பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்ற எல்லாவற்றையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி, அப்பா பெயர். தப்பு இருந்தால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கல்லூரி அலுவலகத்தில் திருத்த மனு கொடுங்கள்.

விண்ணப்பம்

தமிழ்நாடு பார்மசி கவுன்சிலின் இணையதளத்தில் அப்போதைய கட்டணத்தையும் ஆவணப் பட்டியலையும் பாருங்கள். பழைய சீனியர் அனுப்பிய வாட்ஸ்அப் பட்டியலை நம்ப வேண்டாம். பொதுவாகப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்கள், எல்லா மார்க் ஷீட்டும், புரொவிஷனல் அல்லது பட்டச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், முகவரிச் சான்று, போட்டோ ஆகியவை தேவைப்படும், டி.பார்ம். என்றால் பயிற்சி முடித்த சான்றும் சேரும். ஒரிஜினல்களை ஒரு ஃபைலில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தெளிவான ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மொபைலில் சாய்வாக எடுத்த போட்டோவில் முத்திரை படிக்க முடியாமல் போய்விடும்.

வெளிமாநிலத்தில் படித்தவர்களும் இங்கே விண்ணப்பிக்கலாம். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இந்த மாநிலத்தில் வசிக்க வேண்டும் அல்லது தொழில் செய்ய வேண்டும். படிப்பு அங்கீகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். உங்கள் சான்றிதழ் உண்மைதானா என்று அந்தப் பல்கலைக்கழகத்திடம் கேட்டுச் சரிபார்ப்பார்கள் என்பதால், கூடுதலாகச் சில வாரத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தைக் கவுன்சிலின் பதிவாளர் நிராகரித்துவிட்டால் இடிந்துபோய் உட்கார வேண்டாம். நிராகரித்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கவுன்சிலிடம் மேல்முறையீடு செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது.

காத்திருக்கும் காலத்தில்

கடையில் உதவியாளராக நின்று கற்றுக்கொள்ளலாம், தப்பில்லை. பதிவு பெற்ற ஒருவர் கண்பார்வையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் அப்படித்தான் நின்றேன். ஒருநாள் ஒரு பாட்டி மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை அட்டையைக் காட்டி, "பெருசா இருக்கும்மா, தொண்டையில நிக்குது, இடிச்சுப் பொடியாக்கிச் சாப்பிடட்டுமா?" என்று கேட்டார். சரி பாட்டி என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்திலிருந்த மருந்தாளுநர் அண்ணன் அட்டையை வாங்கித் திருப்பி, பெயருக்குப் பக்கத்தில் பொடியாக அச்சிட்டிருந்த 'எஸ்.ஆர்.' என்ற இரண்டு எழுத்தைக் காட்டினார். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடுவதற்காகச் செய்த மாத்திரை அது. பொடித்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் உள்ளே போய்விடும். டாக்டரிடம் சொல்லி வேறு வகை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று பாட்டியை அனுப்பினார். அந்த அட்டையை நானும்தான் பார்த்தேன், எஸ்.ஆர். என் கண்ணில் படவே இல்லை.

இதே காலத்தில் இன்னொரு பேச்சும் காதில் விழும். "சர்டிபிகேட் வந்ததும் எங்க கடையில மாட்டிடுங்க, நீங்க வரவே வேண்டாம், மாசாமாசம் பணம் வந்துடும்." எனக்கே ஒரு கடைக்காரர் சொன்னார். வேலை கிடைக்காத நேரத்தில் கேட்கச் சுலபமாக இருக்கும். தயவுசெய்து தலையாட்டிவிடாதீர்கள். சுவரில் உங்கள் பெயர் தொங்க, யாரோ ஒரு பையன் மருந்து எடுத்துக் கொடுப்பான். அந்தப் பாட்டி மாதிரி ஒருவர் வந்து கேட்டால் அங்கே பதில் சொல்ல ஆள் இருக்காது. 36ஆம் பிரிவின்படி விசாரித்து உங்கள் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் அதிகாரமும் கவுன்சிலுக்கு இருக்கிறது.

அரசு வேலையில் கண் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மருந்தாளுநர் பணிக்கு மாநில கவுன்சில் பதிவைக் கேட்கிறது. அறிவிப்பு வந்தபின் பதிவுக்கு ஓடினால் நாள் போதாது. வேலைக்குப் போகும் எண்ணம் இப்போது இல்லாவிட்டாலும் பதிவை முடித்து வைத்துவிடுங்கள்.

எண் வந்த பிறகு

சான்றிதழ் வந்ததும் முதல் வேலையாக அதிலும் பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். 2015ஆம் ஆண்டு பார்மசி பிராக்டிஸ் விதிகள்படி கடையில் வெள்ளைக் கோட்டும், பெயரும் பதிவு எண்ணும் உள்ள பேட்ஜும் போட வேண்டும். பதிவைப் புதுப்பிக்கும் தேதியைச் சான்றிதழில் பார்த்து மொபைலில் நினைவூட்டல் வையுங்கள். கட்டணம் கட்டத் தவறினால் பெயரை நீக்கிவிடுவார்கள். புதுப்பிக்க வேண்டுமானால் ஐந்து வருடத்துக்குள் குறைந்தது இரண்டு ஒருநாள் புத்தாக்கப் பயிற்சியில் கலந்துகொண்டிருக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. அந்தப் பயிற்சிச் சான்றுகளையும் அதே ஃபைலில் போட்டு வையுங்கள்.