பிலிமில் இங்க் உரிகிறதா? கொரோனா ட்ரீட்மென்ட், படிப்படியாக

பாலிபுரொப்பிலீன் பிலிமில் அச்சடித்து, காய்ந்ததும் செலோ டேப் ஒட்டி இழுக்கிறீர்கள். எழுத்தெல்லாம் டேப்போடு வந்துவிடுகிறது. இங்க்கை மாற்றும் முன் பிலிமின் மேல்தோலைப் பாருங்கள். அதில் இருப்பது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும்தான். இங்க் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி கூட இல்லை. அந்தக் கொக்கிகளை மின்சாரத்தால் மேற்பரப்பில் உண்டாக்குவதுதான் கொரோனா ட்ரீட்மென்ட்.

முதலில் சோதனை. மேற்பரப்பு ஆற்றலை, அதாவது திரவம் அதில் எவ்வளவு நன்றாகப் பரவும் என்பதை, டைன் என்ற அலகில் பார்க்கும் சோதனைப் பேனா உண்டு. 38 டைன் பேனாவால் பிலிமில் ஒரு கோடு போடுங்கள். 2 விநாடி உடையாமல் நின்றால் மேற்பரப்பு ஆற்றல் 38-ஐ எட்டியிருக்கிறது. முத்து முத்தாகச் சுருங்கினால் போதவில்லை. ட்ரீட்மென்ட் செய்யாத பிலிம் சுமார் 30 டைனில்தான் இருக்கும். இரண்டு பக்கமும் பாருங்கள், பெரும்பாலும் ஒரு பக்கம்தான் ட்ரீட் ஆகியிருக்கும். கோடு போடும் இடத்தில் விரல் படவே கூடாது.

அடுத்து, பிலிமை ஓட்டுவது. உருளைக்கும் எலக்ட்ரோடுக்கும் நடுவே 1 முதல் 2 மி.மீ. இடைவெளி. அதில் பல ஆயிரம் வோல்ட் உயர் அதிர்வெண் மின்சாரம் பாயும்போது காற்றே பிளாஸ்மாவாகி (மின்னேற்றம் பெற்ற வாயுவாகி) ஊதா நிறத்தில் ஒளிரும். வெற்றிட அறை தேவையில்லை, சாதாரண காற்றழுத்தமே போதும். வேகமெடுத்த எலக்ட்ரான்கள் ஆக்சிஜன் மூலக்கூறுகளை உடைக்கின்றன. பிலிமின் மேல் உள்ள கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகளும் அறுகின்றன. அறுந்த இடத்தில் ஆக்சிஜன் வந்து ஒட்டி ஹைட்ராக்சில், கார்பனைல், கார்பாக்சில் தொகுதிகளாகிறது. நாம் தேடிய கொக்கிகள் இவைதான். இத்தனையும் நடப்பது மேலே சில நானோமீட்டர் ஆழத்துக்குள். அடியில் பிலிம் பழைய பிலிம்தான், அதன் பலம் குறையாது. எனக்கு இதில் மிகப் பிடித்த விஷயமே இதுதான்.

ஓசோன் உருவாகும், அது நுரையீரலைக் கெடுக்கும். அதனால் எக்ஸாஸ்ட் ஓடாமல் மெஷினைப் போடவே போடாதீர்கள்.

எவ்வளவு பவர்? வாட்டை, பிலிம் அகலத்தாலும் நிமிட வேகத்தாலும் வகுக்க வேண்டும். 1000 வாட், 1 மீட்டர் அகலம், நிமிடத்துக்கு 50 மீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 20 வாட்-நிமிடம். குறைவாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் பேனாவால் பாருங்கள். 38 முதல் 42 வரை வந்தால் பெரும்பாலான இங்க்குக்குப் போதும்.

புதியவர்கள் தவறுவது இங்கேதான்: கூடுதலாகக் கொடுத்தால் இன்னும் நன்றாக ஒட்டும் என்று நினைத்துவிடுவார்கள். அளவு மீறினால் பாலிமர் சங்கிலிகள் துண்டு துண்டாகி, மேலே பலமில்லாத ஒரு படலம் உட்கார்ந்துவிடும். டைன் பேனா நல்ல எண்ணைக் காட்டும், ஆனால் இங்க் அந்தப் படலத்தோடு சேர்ந்து உரிந்து வரும்.

அப்புறம், உடனே அச்சடியுங்கள். நாளாக ஆக அந்தத் தொகுதிகள் உட்பக்கம் திரும்பிக்கொள்ளும். வழுக்கலுக்காகச் சேர்த்த ஸ்லிப் பொருளும் மேலே கசிந்து வரும். கிடங்கில் கிடந்த ரோல் என்றால், லேபிளில் 40 என்று இருந்தாலும் மறுபடி பேனா வைத்துப் பாருங்கள். இறங்கியிருந்தால் குறைந்த பவரில் இன்னொரு முறை ஓட்டிவிட்டு, அப்படியே நேராக அச்சுக்குள் விடுங்கள்.