கொழும்பு–யாழ்ப்பாணம்: திரும்புகிற நாளில் இருந்து திட்டம் போடுங்கள்

கட்டுநாயக்காவில் இரவு விமானம், ஆகவே காலையில் யாழ்ப்பாணத்தில் ரெயின் ஏறினால் போதும் என்று கணக்குப் போடாதீர்கள். நேரசூசி அதற்கு இடம் தரும், பாதைதான் தராது. கொழும்புக் கோட்டை நிலையத்தில் இருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். பொல்காவலை வரை இரட்டைத் தண்டவாளம், அதற்கு வடக்கே முழுவதும் ஒற்றைத் தண்டவாளம். எதிரே வரும் வண்டிக்கு வழிவிட ஏதாவதொரு நிலையத்தில் ஒதுங்கித்தான் ஆகவேண்டும். அந்த வண்டி அரை மணி பிந்தினால் உங்கள் வண்டியும் அரை மணி நிற்கும். அடுத்த சந்திப்பு அதனால் இன்னும் தள்ளிப்போகும். ஆறரை மணி நேரப் பயணம் ஒன்பது மணி நேரமாவது இப்படித்தான். விமானத்துக்கு முதல்நாளே கொழும்பிலோ நீர்கொழும்பிலோ தங்கிவிடுங்கள். ஓர் இரவு வாடகை, தவறவிட்ட விமானச்சீட்டை விட மலிவு.

ஆசனப் பதிவு பயணத்துக்கு 30 நாட்களுக்கு முன்னர் திறக்கும். சித்திரைப் புத்தாண்டு, நல்லூர்த் திருவிழா, வெள்ளி அல்லது திங்களில் வரும் போயா (பௌர்ணமி விடுமுறை) என்றால் திறந்த அன்றே பதியாவிட்டால் இடம் கிடையாது. பதியும்போது கொடுத்த கடவுச்சீட்டு இலக்கமும் கையில் இருக்கும் கடவுச்சீட்டும் ஒன்றாக இருக்கவேண்டும். புதுப்பித்தவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்வார்கள். பதியாத மூன்றாம் வகுப்பு ரிக்கற்றை அன்றே நிலையத்தில் வாங்கலாம், ஆனால் வவுனியா வரை நின்றுகொண்டு போக மனம் வேண்டும். ரிக்கற்றைக் கசக்கி எறியாதீர்கள், வெளியேறும்போது வாசலில் கேட்பார்கள்.

சேவை நிற்பதற்கான காரணங்களில் முன்கூட்டியே தெரிந்துகொள்ளக்கூடியவை உண்டு. பாதைத் திருத்தம் அறிவித்துவிட்டே நடக்கும்: 2023இல் அனுராதபுரத்துக்கும் வவுனியாவுக்கும் இடையிலும், 2024இல் மாகோவுக்கும் அனுராதபுரத்துக்கும் இடையிலும் பாதை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. ஐப்பசி முதல் மார்கழி வரை மழை, வெள்ளம், புயல். நிலைய அதிபர்களோ சாரதிகளோ பணிப்புறக்கணிப்பில் இறங்குவதுதான் திடீரென்று வரும், சில வேளை நள்ளிரவில் தொடங்கும். மட்டக்களப்புப் பாதையில் போவோருக்கு யானையும் ஒரு காரணம். 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் ரெயின் மோதி ஆறு யானைகள் இறந்தன, வண்டியும் தடம் புரண்டது. முதல்நாள் மாலை 1919க்கு அழைத்து, நாளைய வண்டி ஓடுகிறதா என்று தமிழிலேயே கேட்கலாம்.

வழியில் வண்டி நின்றுவிட்டால் அவசரப்பட்டு இறங்காதீர்கள். மாகோவுக்கும் மதவாச்சிக்கும் இடையில் உள்ள சிறு நிலையங்களில் இரவில் ஓட்டோவும் கிடைக்காது. அனுராதபுரம் அல்லது வவுனியா வரும்வரை பொறுங்கள், அங்கே பஸ் நிலையத்துக்கு ஓட்டோ பிடிக்கலாம். வவுனியாவுக்கு வடக்கே நிலைமை சுகம்: ஓமந்தை, மாங்குளம், கிளிநொச்சி எல்லாம் ஏ9 வீதிக்குப் பக்கத்தில். வீதிக்கு வந்து நின்றால் 87 இலக்க பஸ் வரும். அதுதான் கொழும்பு–யாழ்ப்பாண இலக்கம்.

பஸ் என்றால் புறக்கோட்டையில் ஏறலாம், தனியார் சொகுசு பஸ்கள் வெள்ளவத்தையிலும் ஆள் ஏற்றும். பெரும்பாலானவை இரவில் வெளிக்கிட்டு விடியப்புறம் யாழ்ப்பாணத்தில் இறக்கிவிடும். எங்கள் கருத்து, பகல் பஸ்ஸே நல்லது. 2025 மே மாதம் கொத்மலையில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது விடியும் முன்னர்தான். இரவில்தான் போகவேண்டும் என்றால் இடப்பக்கம், நடுவரிசை. எதிரே வரும் வாகனம் வலப்பக்கமாகத்தான் கடக்கும். முன் ஆசனம் மதகுருமாருக்கு என்று எழுதியிருக்கும், அதில் உட்கார்ந்துவிட்டுப் பிறகு எழும்ப வேண்டாம். இருக்கைப் பட்டி இருந்தால் போடுங்கள், பக்கத்தில் இருப்பவர் சிரித்தாலும்.

முப்பது கிலோ பெட்டியைச் சாதாரண பஸ்ஸுக்குள் வைக்க இடமில்லை. கொண்டக்டர் பின் டிக்கியிலோ சாரதிக்குப் பக்கத்திலோ போடுவார், சில வேளை அதற்கும் காசு கேட்பார். கடவுச்சீட்டு, மருந்து, வெளிநாட்டுக் காசு மூன்றும் மடியில் இருக்கும் சிறு பையில் இருக்கட்டும். 100, 500 ரூபாய்த் தாள்கள் வைத்திருங்கள். 5,000 தாளை நீட்டினால் மிச்சக்காசு இறங்கும்வரை வராது, நீங்கள்தான் நினைவூட்டவேண்டும்.

ஏ9 வீதியில் உள்ள முறிகண்டியில் பஸ் நிற்கும். சாரதி இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பார், சனம் கச்சான் வாங்கும், கழிவறைக்குப் போகும். அங்கே ஒரே நிறத்தில் நாலைந்து பஸ்கள் வரிசையாக நிற்கும். இறங்கியதும் உங்கள் பஸ்ஸின் இலக்கத் தகட்டைப் படம் எடுங்கள், எத்தனை நிமிடம் நிற்கும் என்று கொண்டக்டரிடம் கேளுங்கள். தலை எண்ணிப் பார்க்காமலே கிளம்பிவிடும் பஸ்ஸும் உண்டு.

ஊருக்குள் ஓடும் பஸ்களில் மணிக்காகக் காத்திருக்காமல் முந்தின தரிப்பிலேயே எழும்பி "இறக்கம்!" என்று குரல் கொடுங்கள். முழுதாக நிற்கும்வரை காலை வைக்காதீர்கள். வயதானவர் என்றால் கொண்டக்டரிடம் சொல்லிவையுங்கள், நிறுத்திப் பிடித்து இறக்குவார். யாழ்ப்பாணத்தில் இருந்து பருத்தித்துறைக்கு 750 இலக்க பஸ், நயினாதீவுப் படகு புறப்படும் குறிகட்டுவானுக்கு 776. நயினாதீவு போவோர் படகுக்கு முன்னர், குறிகட்டுவானில் இருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். கடல் கொந்தளித்தால் படகு நிற்கும், அன்றைக்கு வேறு அலுவல் வைத்திருக்கக்கூடாது. படகில் உயிர்காப்பு அங்கி தந்தால் மடியில் வைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

வாடகை வானோ ஓட்டோவோ பிடித்தால், காவலாளி இல்லாத ரெயின் கடவையில் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். வடக்கில் தண்டவாளம் புதிது, வண்டி சத்தம் காட்டாமல் வேகமாக வரும். அவசரத்துக்கு அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119. பஸ்ஸைப் பற்றி முறையிட 1955, அழைக்கும்போது பஸ் இலக்கத்தையும் நேரத்தையும் கேட்பார்கள். முறிகண்டியில் எடுத்த படம் அதற்கும் உதவும்.