தலைக்கு குளிச்ச நாள்ல இருந்து எண்ணாதீங்க

நான் மதுரைல செல்லூர் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்ல இருக்கேன். சித்திரை திருவிழாவுக்கு கொடியேத்திட்டா போதும், "அக்கா, பீரியட்ஸ் தள்ளிப்போற மாத்திரை இருக்கா"ன்னு வந்துருவாங்க, திருக்கல்யாணத்தன்னைக்கு புது தாலிக்கயிறு கட்டணும்ல. சரி உங்களுக்கு எப்ப தேதின்னு கேட்டா, தலைக்கு குளிச்ச நாளத்தான் சொல்லுவாங்க, அதாவது மூணாம் நாளு! டாக்டர் இந்த மாத்திரைய வழக்கமா தேதிக்கு 3 நாள் முன்னாடியே ஆரம்பிக்கச் சொல்லுவாங்க, குளிக்கிற நாள வச்சு பின்னாடி எண்ணுனா மாத்திரை போட்ட மறுநாளே வந்து நிக்கும். ரத்தம் பட்ட முதல் நாள்தான் நாள் 1. கர்ப்பத்துக்கு தேதி போடுறதும் அதுலருந்துதான்.

அந்த மாத்திரை வேற ஒண்ணும் இல்ல, புரோஜெஸ்டிரோன் மாதிரி ஒரு ஹார்மோன். நம்ம உடம்புலயும் முட்டை வெளிய வந்தப்புறம் அதுதான் கர்ப்பப்பை உள்சுவர உதிராம பிடிச்சு வச்சிருக்கு, அது இறங்குனா பீரியட்ஸ். மாத்திரைய நிறுத்துனா 2, 3 நாள்ல வர்றதும் அதனாலதான். ரத்தக்குழாய்ல ரத்தம் உறையிற பிரச்சினை, ஈரல் பிரச்சினை இருந்தவங்க டாக்டர கேக்காம தொடவே கூடாது.

அடுத்தது, எல்லாருக்கும் 14ஆம் நாள்தான் முட்டை வரும்ங்கிற நெனப்பு. அது 28 நாளைக்கு ஒருக்கா பீரியட்ஸ் வர்றவங்க கணக்குங்க. முட்டை வந்ததுக்கப்புறம் உள்ள பாதி ஏறக்குறைய 14 நாள், பெருசா மாறாது, முன்பாதிதான் இழுக்கும், எஃப்எஸ்ஹெச்ங்கிற ஹார்மோன் முட்டைய வளத்து, ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோன் ஏறி, அப்புறம் எல்ஹெச்ங்கிற ஹார்மோன் ஒரே தூக்கா தூக்குனாதான் முட்டை வெளிய வரும், காய்ச்சல், டென்ஷன்னா அதுவே தள்ளிப்போகும். எனக்கு 35 நாள், அப்ப 21ஆம் நாள் வாக்குலதான் முட்டை. இது தெரியாம ஒரு லேப்ல 21ஆம் நாளே புரோஜெஸ்டிரோன் டெஸ்ட் எடுத்து, கம்மின்னு பேப்பர பாத்து பஸ்ஸுல அழுதுகிட்டே வந்தேன். முட்டை வந்து ஒரு வாரம் கழிச்சு, 28ஆம் நாள் எடுத்திருக்கணும், ஒருத்தரும் சொல்லல.

கர்ப்பம் ஆகாதுன்னு பீரியட்ஸ் ஆப் காட்டுற 'சேஃப்' நாளயும் நம்பாதீங்க, விந்தணு உள்ள 5 நாள் வரைக்கும் உசுரோட இருக்கும், முட்டைக்குத்தான் ஒரு நாள் ஆயுசு.

வயசுக்கு வந்த புதுசுல பிள்ளைகளுக்கு முன்னபின்ன ஆகும், ஒடனே பப்பாளிய திணிக்காதீங்க. பெரியவங்களுக்கு 21 நாளுக்குள்ளயோ 35 தாண்டியோ திரும்பத் திரும்ப வந்தா டாக்டர்ட்ட காட்டுங்க.

அப்புறம், தினசரி காலண்டர்ல வட்டம் போடாதீங்கக்கா, மறுநா காலைல வீட்டுக்காரரு அந்தத் தாளக் கிழிச்சுருவாரு. மாசக் காலண்டர் ஒண்ணு மாட்டிக்கிருங்க.