சாவி அவரிடம், முடிவு என்னிடம்

நான் இருப்பது மஸ்கட்டில். வேளச்சேரியில் இருக்கும் என் ஃப்ளாட்டை ஒரு மேனேஜர் பார்த்துக்கொள்கிறார். குழாய் ஒழுகல், வாடகை வசூல் எல்லாவற்றிலும் கெட்டிக்காரர். அதனால் வாடகைக்கு ஆள் தேர்வு செய்வதையும் அவர் தலையிலேயே கட்டிவிட்டேன்.

வீடு மூன்று மாதம் பூட்டிக் கிடந்தது. "நல்ல பார்ட்டி அமையல சார்" என்றார். பிறகு நண்பனின் தங்கை சொல்லித்தான் தெரிந்தது. வீடு பார்க்கப் போன அவளிடம், "அசைவம் சமைச்சா ஓனர் தரமாட்டார்" என்றிருக்கிறார். ஓனர் நான்தான், மீன் குழம்பு இல்லாத ஞாயிறே எனக்குக் கிடையாது!

ஆளை மாற்றவில்லை, அதிகாரத்தைப் பிரித்தேன். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், மேனேஜர் வைத்தால் அவருக்கு எந்தெந்த வேலைக்கு அதிகாரம், எவ்வளவு காலத்துக்கு என்று வாடகைதாரரிடம் தெரிவிக்கச் சொல்கிறது. அதையே சாக்காக வைத்து ஒரு பக்கக் கடிதம் கொடுத்தேன். வீடு காட்டுவது, சம்பளச் சீட்டு வாங்குவது, வருபவர் முன்பு குடியிருந்த வீட்டு ஓனரிடம் விசாரிப்பது மேனேஜர் வேலை. வந்து பார்த்த எல்லோருடைய விவரமும் வாட்ஸ்அப்பில் எனக்கு வரவேண்டும். அவர் வேண்டாம் என்று நினைப்பவர்களுடையதும்தான், காரணத்தோடு. வீடியோ காலில் பேசி முடிவெடுப்பது நான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் பவர் என் அக்காவுக்கு மட்டும்.

மேனேஜருக்கு முகம் சுருங்கியது. கமிஷன் குறையாது என்றதும் சரியானார்.

இரண்டாவது வாரமே ஆள் கிடைத்தது. இரண்டு நர்ஸ் பெண்கள். அவர் அனுப்பிய குறிப்பு: "பேச்சிலர்ஸ், வேண்டாம் சார்." இப்போது இரண்டாவது வருடம் ஓடுகிறது, வாடகை ஐந்தாம் தேதி தாண்டியதில்லை.