உறக்கத்திலிருந்து எழாத லேப்டாப்: பழுது பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூடியைத் திறந்தால் கறுப்புத் திரை, உள்ளே விசிறி மட்டும் சுற்றும் சத்தம். இந்தப் புகாருடன் கடந்த வாரம் வந்த லேப்டாப்பைக் கையில் வாங்கியதும், எங்கள் கடையில் புதிதாகச் சேர்ந்த தம்பி முதலில் தேடியது விண்டோஸை மீண்டும் நிறுவும் பென்டிரைவைத்தான். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அதையே செய்தவன்.

காரணம் அறியாமல் ஃபார்மட் செய்வது

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆசிரியையின் லேப்டாப்பை இதே கோளாறுக்காக இரண்டு முறை ஃபார்மட் செய்தேன். டாக்குமென்ட்ஸ் கோப்புறையை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, சி டிரைவில் அவர் தனியாக வைத்திருந்த வினாத்தாள்களைப் பார்க்காமல் விட்டேன். அவை திரும்பக் கிடைக்கவில்லை. பத்து நாளில் அதே கறுப்புத் திரையுடன் லேப்டாப்பும் திரும்பி வந்தது. மூன்றாம் முறை பொறுமையாகத் தேடியபோதுதான், டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரத்தைச் சேமிக்க அந்தச் சாதனத்தை அணைக்க அனுமதிக்கும் பெட்டியில் குறி இருப்பதைக் கண்டேன். அதை நீக்கிய பிறகு அந்தக் கோளாறு வரவில்லை.

ஃபார்மட் செய்தால், கோளாறு எப்போது நேர்ந்தது என்று காட்டும் ஈவென்ட் வியூவர் பதிவுகள் அழிந்துபோகின்றன. இணையம் கிடைத்ததும் புதிய விண்டோஸ் பெரும்பாலும் அதே டிரைவரை (சாதனத்தை இயக்கும் மென்பொருளை) தானாகவே இறக்கிக்கொள்கிறது. லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான பயாஸ் பழையபடியே இருக்கிறது. அப்படியிருக்க, நோய் எப்படித் தீரும்?

முதலில் கேப்ஸ் லாக் விசையை அழுத்தி, அதன் விளக்கு மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் இயந்திரம் பெரும்பாலும் உயிருடன்தான் இருக்கிறது, திரைதான் எழவில்லை. அப்போது விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மீண்டும் தொடங்கும். படம் திரும்பிவிட்டால் சந்தேகம் அந்த டிரைவர் மேல்தான். விளக்கே அசையாவிட்டால் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, மீண்டும் தொடங்கிய பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி /ஏ (powercfg /a) என்ற கட்டளையை இட்டு, அந்த லேப்டாப் பழைய எஸ்3 உறக்கத்தில் போகிறதா, திரை அணைந்த பிறகும் பின்னணியில் இயங்கும் எஸ்0 வகையா என்று தெரிந்துகொள்ளுங்கள். எஸ்0 வகையில் நான் சொன்ன பவர் மேனேஜ்மென்ட் பகுதி பல சாதனங்களுக்குத் தென்படாது. அங்கே பவர்சிஎஃப்ஜி /ஸ்லீப்ஸ்டடி (powercfg /sleepstudy) தரும் அறிக்கையைப் படிக்க வேண்டும்.

ஷட்டவுன் செய்ததைப் புதுத் தொடக்கம் என்று நம்புவது

விண்டோஸ் 8 முதல் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கிக்கொண்டிருந்தால், ஷட்டவுன் செய்யும்போது கெர்னலும் (விண்டோஸின் மையப் பகுதி) டிரைவர்களும் இருந்த நிலை அப்படியே வட்டில் எழுதப்பட்டு, அடுத்த முறை அங்கிருந்தே எழுகிறது. எனவே சோதிக்கும்போது, எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும் ரீஸ்டார்ட் கொடுங்கள்.

41-ஆம் எண்ணைப் பார்த்ததும் பேட்டரியை மாற்றுவது

ஈவென்ட் வியூவரில் வரும் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு, இயந்திரம் முறையாக அணையாமல் மீண்டும் தொடங்கியதை மட்டுமே சொல்கிறது. பவர் பொத்தானை நீங்களே அழுத்திப் பிடித்து அணைத்திருந்தாலும் அது பதிவாகும்.

சார்ஜர் இல்லாமல் பயாஸ் புதுப்பிப்பது

ஒருபோதும் செய்யாதீர்கள்.