கோடியக்கரைக்கு முன் கன்னங்குறிச்சி: அரிய வாத்துகளைத் தேடும் முறை

வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் நிரம்பியபின், நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசை வாத்துகளைத் தமிழகத்தில் காணலாம். அரிய இனங்களைத் தேடும் சேலத்துக்காரர்கள் எடுத்த எடுப்பிலேயே கோடியக்கரைக்குக் கிளம்பிவிடாமல், முதலில் சேர்வராயன் மலையடிவாரத்துக் கன்னங்குறிச்சியிலுள்ள மூக்கனேரியில் கண்களைப் பழக்கிக்கொள்வது நல்லது. அரிய வாத்து பெரும்பாலும் சாதாரண வாத்துக் கூட்டத்துக்குள்தான் கலந்திருக்கும் என்பதால், சாதாரணமானவற்றை ஐயமறத் தெரிந்தவருக்கே அது கண்ணில் படும்.

கன்னங்குறிச்சியில் ஆண்டு முழுவதும் தென்படும் புள்ளிமூக்கு வாத்தையும், நாமக்கோழியையும், முக்குளிப்பானையும் எந்த வெளிச்சத்திலும் அடையாளம் சொல்லப் பழகியபின் வலசை வாத்துகளுக்கு வரலாம். காலையில் கிழக்குக் கரையில் நின்றால் வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும். வெயில் ஏறிவிட்டால் நீர்ப்பரப்பின் மேல் கானல் ஆடி, தொலைவிலுள்ள அலகின் வடிவம்கூடப் புலப்படாது.

பெட்டை வாத்துகள்தாம் உண்மையான சோதனை. பார்த்த மாத்திரத்தில் எல்லாம் பழுப்பாகவே தோன்றும். ஆகவே நிறத்தை விட்டுவிட்டு அலகு, கழுத்து, முகக்கோடு, சிறகுத் திட்டு என்ற வரிசையில் பார்க்க வேண்டும். ஊசிவால் வாத்தின் பெட்டைக்குச் சாம்பல் நிற அலகும் நீண்ட ஒல்லிக் கழுத்தும் உண்டு. தட்டைவாயனை அதன் அகன்ற அலகே காட்டிக்கொடுத்துவிடும். நீலச்சிறகிப் பெட்டைக்குக் கண்ணின் குறுக்கே கருங்கோடும், அலகு முகத்தோடு சேருமிடத்தில் வெளிறிய புள்ளியும் இருக்கும். அதைவிடச் சற்றே சிறியதும் தென்தமிழகத்தில் குறைவாகவே வருவதுமான கிளுவைக்கு முகம் அவ்வளவு வரியோடியிராது. வாலடியின் பக்கத்தில் ஒரு வெளிர்க்கீற்றும், சிறகில் பச்சைத் திட்டும் தெரியும். கருவால் வாத்தின் சிறகிலோ வெள்ளைச் சதுரம் இருக்கும். ஆண் நீலச்சிறகி குளிர்காலத்தின் பெரும்பகுதியில் பெட்டையைப் போலவே இருப்பதால், அது பறக்கும்போது தெரியும் வெளிர் நீலச்சாம்பல் முன்சிறகை நம்புவதே நல்லது.

இந்தப் பயிற்சி கைவந்தபின், ஜனவரியில், ஏறத்தாழ 300 கி.மீ. தொலைவிலுள்ள கோடியக்கரைக்குச் செல்லலாம். வழியில் சற்று விலகி அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரியைப் பார்த்தால், இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் கிடைக்க வாய்ப்புண்டு. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2002 முதல் உள்ள கோடியக்கரை ஈரநிலத்தில் சரணாலயப் பகுதிக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி தேவை.

அங்கே பரப்பு மிகப் பெரிது என்பதால் 8x42 பைனாகுலர் மட்டும் போதாது. முக்காலியில் பொருத்திப் பார்க்கும் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப் வேண்டும். கடற்காற்று முக்காலியை ஆட்டிவிடுவதால், அதன் கால்களை முழுதாக நீட்டாமல் உட்கார்ந்தபடியே பார்ப்பது என் வழக்கம். தலைகீழாகக் கவிழ்ந்து மேயும் வாத்துகள் ஆழம் குறைந்த நீரையே நாடும். பூநாரைகளின் முழங்கால் நனையாத இடங்களில் முதலில் தேடுங்கள். கூட்டத்தை இடமிருந்து வலமாக, ஒரு தலையையும் விடாமல் பார்த்து முடித்து, உறங்குபவை தலை தூக்கும்வரை காத்திருந்து மீண்டும் ஒருமுறை பாருங்கள். சேற்றில் இறங்கி நெருங்க முயன்றால் கூட்டம் முழுவதும் எழும்பிவிடும், அன்றைய தேடலும் அத்தோடு சரி.

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் ஜனவரியில்தான் நடப்பதால் உங்கள் குறிப்புகள் அவற்றுக்கும் பயன்படும். அரிய இனம் என்று பதிவதானால் விரிந்த சிறகின் படம் ஒன்றாவது இருக்கட்டும். இல்லையேல் இனம் தெரியாத வாத்து என்றே, பறவைக் குறிப்புகளைப் பதியும் இணையதளமான ஈபேர்டில் பதியலாம்.