நின்ற காரின் பிரேக் டிஸ்க்கில் துரு

ராத்திரி மழை. காலையில் வீல் ஸ்போக்குகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தால் டிஸ்க் முழுக்கச் செம்மண் பூசினாற்போல இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. டிஸ்க் வார்ப்பிரும்பு, பேட் (டிஸ்க்கை இரு பக்கமும் நெருக்கிப் பிடிக்கும் உரசுகட்டை) உரசும் முகத்துக்குப் பெயின்ட் அடித்து வைக்க முடியாது. ஈரம் பட்ட சில மணி நேரத்தில் துரு பூத்துவிடும். வண்டியை எடுத்து நாலைந்து முறை பிரேக் பிடித்தால் பேடே அதை வழித்துவிடும். முதல் பிரேக்கில் 'கர்ர்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். இதற்காக வீலைக் கழற்றுவது வீண் வேலை.

துரு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, டிஸ்க் ஆறிய பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிமுகத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் முன் டிஸ்க்கின் உள்முகமும் தெரியும். பேட் படாத வெளி ஓரத்தில் துரு இருப்பது இயல்பு. ஒரு முகம் பளபளவென்றும் மறுமுகம் துருவாகவும் இருந்தால் கோளாறு டிஸ்க்கில் இல்லை. காலிப்பர் (பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்) நகர்ந்துகொடுக்கும் ஸ்லைடு பின் இறுகியிருக்கும், அல்லது பேடின் காது அதைத் தாங்கும் பிராக்கெட்டில் துருவேறி அசையாமல் நிற்கும். அதைச் சரிசெய்யாமல் டிஸ்க்கை எவ்வளவு தேய்த்தாலும் துரு திரும்ப வரும்.

வாரக்கணக்கில் நின்ற வண்டியில் பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். ஆக்சிலேட்டரை மிதித்து இழுக்காதீர்கள். ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, முதல் கியரில் மெதுவாக ஒரு தள்ளு, ரிவர்ஸில் ஒரு தள்ளு. 'டொக்' என்று விட்டுவிடும். சிறிய கார்கள் பலவற்றில் பின்னால் டிரம்தான் (உள்ளிருந்து ஷூ விரிந்து பிடிக்கும் பிரேக்) என்பதால், ஒட்டியிருப்பது பின் ஷூவாகவும் இருக்கலாம். அசையவே இல்லையென்றால் வீலைக் கழற்றி, டிரம்மையோ டிஸ்க்கின் நடுக் கிண்ணத்தையோ ரப்பர் சுத்தியால் சுற்றிலும் தட்டுங்கள். உரசும் முகத்தில் அடி விழக் கூடாது.

விட்டபின் டிஸ்க்கில் பேடின் உருவம் அச்சு வைத்தாற்போலத் தெரியும். அதைப் போக்க, பின்னால் வண்டி வராத நேரான காலி ரோட்டில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை நடுத்தர அழுத்தத்தில் பிரேக் பிடியுங்கள். பத்துப் பன்னிரண்டு முறை போதும். ஒவ்வொன்றுக்கும் நடுவே 300, 400 மீட்டர் பிரேக்கைத் தொடாமல் ஓடவிட்டு ஆற வைக்க வேண்டும். சூடான டிஸ்க்கோடு பெடலை அழுத்தியபடி நிற்காதீர்கள், உடனே தண்ணீரும் அடிக்காதீர்கள். இருபது முறை பிடித்தும் அரைக்கும் சத்தம் நிற்கவில்லையா? கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும்.

சமதரையில் நிறுத்தி, மற்ற வீல்களுக்குக் கல் கொடுங்கள். வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கியால் தூக்கி, வண்டியை ஜாக் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வேலை செய்யாதீர்கள். காலிப்பர் போல்ட்டுகளைக் கழற்றியதும் அதைக் கட்டுக்கம்பியால் காயில் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். பிரேக் ஆயில் வரும் ரப்பர் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸின் உட்பக்கம் கிழியும், வெளியே ஒன்றும் தெரியாது. டிஸ்க் ஹப்போடு (டிஸ்க்கும் வீலும் உட்காரும் நடுப்பாகம்) இறுகிப்போயிருந்தால் பெரிய சுத்தியலை எடுக்க வேண்டாம், பேரிங் அடிபடும். பல கார்களின் டிஸ்க்கில் இதற்கென்றே மரையிட்ட இரண்டு ஓட்டைகள் உண்டு. எம்8 போல்ட் (பிட்ச் 1.25) இரண்டை அதில் போட்டு, இதில் அரைச் சுற்று, அதில் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்கினால் டிஸ்க் தானே பெயர்ந்து வரும்.

முகத்தை முதலில் 80, பிறகு 120 நம்பர் எமரி தாளால் சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள், இரண்டு பக்கமும். மாஸ்க் கட்டாயம்; பேட் தூசியை ஏர் அடித்து ஊதக் கூடாது. பேடையும் சமமான இடத்தில் எமரி விரித்து லேசாக உரசலாம். உரசும் பொருள் இரும்புத் தகட்டிலிருந்து ஓரத்தில் பெயர்ந்திருந்தால் அந்தப் பேட் குப்பைக்குத்தான்.

பெரும்பாலும் விட்டுப்போவது ஹப் முகம். டிஸ்க் உட்காரும் அந்த இடத்தில் செதில் செதிலாகத் துரு இருக்கும். எழுதும் தாள் ஒன்றின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. அதில் பாதி கனத்தில் ஒரு செதில் அடியில் மாட்டினாலே டிஸ்க் சாய்ந்து சுற்றும். ஹப்பில் இருக்கும் சாய்வு டிஸ்க்கின் ஓரத்துக்குப் போகும்போது இன்னும் பெரிதாகும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க் ஒரே இடத்தில் பேடை உரசி, சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் மெலிந்துவிடும். அப்புறம் 80 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால் பெடல் துடிக்கும். 'டிஸ்க் வளைஞ்சிருச்சு' என்று லேத்தில் கொடுப்பார்கள், கடைந்து வந்த டிஸ்க்கை அதே துரு ஹப்பில் மாட்டுவார்கள், மறுபடியும் துடிக்கும். ஆகவே வயர் பிரஷ்ஷால் ஸ்டட் ஒவ்வொன்றையும் சுற்றி ஹப்பையும், டிஸ்க் கிண்ணத்தின் உட்பக்கத்தையும் வெள்ளையாகத் தேயுங்கள். டயல் கேஜ் (டிஸ்க்கின் ஆட்டத்தை அளக்கும் முள் கருவி) இருந்தால் டிஸ்க்கை நட்டு போட்டு இறுக்கி, ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே வைத்துச் சுற்றுங்கள். பல கார்களுக்கு 0.05 முதல் 0.1 மி.மீ. வரை ஆட்டம்தான் அனுமதி.

தேய்த்த பிறகும் நகம் மாட்டுகிற குழிகள் இருந்தால் லேத், இல்லையேல் புது டிஸ்க். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள், வெர்னியரின் தாடை ஓரத்தில் எழும்பி நிற்கும் விளிம்பில் உட்கார்ந்து, தேய்ந்த டிஸ்க்கையும் தடிமனாகக் காட்டிவிடும். மாற்றினால் இடம் வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புது டிஸ்க்கில் பூசியிருக்கும் எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

'கொஞ்சம் ஆயில் தடவி வைங்க, துரு வராது' என்று சொல்ல ஒருவர் இருப்பார். டபிள்யூடி-40, டீசல், மண்ணெண்ணெய் எதுவும் டிஸ்க் முகத்தின் பக்கம் வரக் கூடாது. எண்ணெய் குடித்த பேட் பிடிக்காது, தேய்த்தாலும் தேறாது. ஸ்லைடு பின்னுக்குச் சிலிக்கான் பிரேக் கிரீஸ் மட்டும் போடுங்கள்; சாதா கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிவிடும்.

மாட்டி முடித்ததும் வீல் நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். அளவு வண்டிப் புத்தகத்தில் இருக்கும். கியர் போடுவதற்கு முன் பெடல் கல் மாதிரி ஆகும்வரை மிதியுங்கள். காலிப்பரின் பிஸ்டனைப் பின்னால் தள்ளியிருந்தால் முதல் மிதி வெறும் காற்றில் போகும், வண்டி நிற்காது.

எலெக்ட்ரிக் கார்களில் மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் டிஸ்க்குக்கு வேலை குறைவு, துரு அதிகம். ரீஜென் எனப்படும் அந்த மோட்டார் பிரேக்கைக் குறைந்த அளவில் வைத்து வாரம் ஒருமுறை நன்றாகப் பிரேக் பிடித்து ஓட்டுங்கள். ஃபோக்ஸ்வாகன் ஐடி.3-இல் பின்னால் டிஸ்க்கே இல்லை, டிரம்தான்.

சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று சேர்ந்துகொள்ளும். வண்டி கழுவினால் அப்படியே ஷெட்டில் விடாமல் ஒரு கிலோமீட்டர் பிரேக் பிடித்து ஓட்டி, டிஸ்க்கைக் காய வைத்து நிறுத்துங்கள். ஈர டிஸ்க்கோடு ஹேண்ட்பிரேக் போடாமல் சமதரையில் கியரில் விட்டு வீலுக்குக் கல் கொடுங்கள். ஈரத் தரைவரை இழுத்து மூடிய கவர் உள்ளே ஆவியைப் பிடித்துவைக்கும். 2015, 2023 டிசம்பர் போல வெள்ளத்தில் முங்கிய வண்டி என்றால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. ஸ்லைடு பின், டிரம், வீல் பேரிங் அனைத்தையும் திறந்து பார்த்த பிறகே ஓட்ட வேண்டும்.